வீதிக்குள் முப்பது போதும்: திருப்பூர் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், மாநகரக் காவல் ஆணையர் அவர்களுக்கும் வணக்கமுங்க.

மூன்று பேருக்கும் சேர்த்து எழுதக் காரணம் இருக்கிறது. வீதி மாநகராட்சியுடையது, வீதியில் ஓடும் வண்டியைக் கேட்க வேண்டியது காவல்துறை, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் ஆட்சியர். தனித்தனியாகப் போனால் "அது எங்க வேலை இல்லீங்க, அந்த ஆபீஸைப் பாருங்க" என்று சொல்ல இடம் இருக்கிற விஷயம் இது. அதனால் மூவரும் ஒரே கடிதத்தைப் படிக்கட்டும்.

கேட்பது ஒன்றுதான். திருப்பூரில் குடியிருப்பு வீதிகளுக்குள் எல்லா வண்டிக்கும் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வரம்பு போடுங்கள். மெயின் ரோடுகளைப் பற்றி நான் பேசவே இல்லை. பி.என். ரோடு, அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, தாராபுரம் ரோடு, காங்கயம் ரோடு எல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும். அவற்றிலிருந்து பிரிந்து உள்ளே போகிற வீதிகள், வாசலில் கோலம் போடுகிற வீதிகள், பிள்ளைகள் சைக்கிள் பழகுகிற வீதிகள், அவற்றை மட்டும்தான் கேட்கிறேன்.

நான் 15 வேலம்பாளையம் என்கிற பகுதியில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்து ஜாப் ஒர்க், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை, செய்கிறவன். எனக்கும் ஒரு குட்டியானை, அந்தச் சின்ன லோடு வண்டி, ஓடுகிறது. வண்டி வேண்டாம் என்றோ, வேகமே பாவம் என்றோ சொல்கிற ஆள் இல்லை. பீஸ் போய்ச் சேராவிட்டால் சனிக்கிழமை சம்பளம் கொடுக்க முடியாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

எங்கள் பக்கத்து வீதிகள் பல, ஒரு தலைமுறைக்கு முன்னால் இட்டேரிகளாக இருந்தவை. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் மாட்டுவண்டி ஒன்று போகிற அளவுக்குத் தடம். அப்புறம் காடு சைட்டாகி, சைட்டு வீடாகி, வீட்டுக்கு மாடி ஏறி, மாடியில் ஓவர்லாக் மிஷினும் பவர் டேபிளும் ஏறி, பின்பக்கம் வரிசையாக லைன் வீடுகள் வந்து, ஒரு குடும்பம் இருந்த இடத்தில் பத்துக் குடும்பம் ஆகிவிட்டது. தடத்தின் அகலம் மட்டும் மாறவே இல்லை. நடைபாதை என்று ஒன்று கிடையாது. சாக்கடை மேல் போட்ட சிலாப்பில் பைக் நிற்கும், அதைத் தாண்டி இறங்கினால் ரோடு. படி இறங்கிய முதல் அடியே ரோட்டில்தான் வைக்க வேண்டும், வயசான ஆத்தாவானாலும் சரி, நடக்கப் பழகுகிற குழந்தையானாலும் சரி.

காலை எட்டு மணிக்கு மேல் அந்த வீதியில் வந்து நின்று பாருங்கள். எட்டரைக்கு ஷிப்ட். கம்பெனி வேன், ஸ்கூல் வேன், கட் பண்ணிய பீஸ் கட்டுகளை ஏற்றிய குட்டியானை, தண்ணி லாரி, தூக்குப் போசியோடு நடக்கிற பெண்கள், நாலு நாலு பேராகப் போகிற ஒடிசா, பீகார் பையன்கள், யூனிபார்ம் போட்ட பிள்ளைகள், எல்லாமே ஒரே இருபதடிக்குள். லேட்டானால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயத்தில் பைக்கில் பறக்கிறவர்களும் அதற்குள்தான். சாயங்காலம் இதே கூட்டம் திரும்பும், சனிக்கிழமை சம்பள நாளன்று இரண்டு மடங்காகத் திரும்பும்.

பாதாளச் சாக்கடைக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் தோண்டிப் போட்டிருந்த காலத்தில் நாங்கள் பட்ட அவதி உங்களுக்குத் தெரியும், மனுவாகவே வந்திருக்கும். இப்போது பல வீதிகளில் நல்ல தார், நல்ல காங்கிரீட் போட்டிருக்கிறீர்கள், அதற்கு மனசார நன்றி. ஆனால் குழி இருந்தவரை இருபதில் ஊர்ந்த வண்டி, ரோடு வழவழவென்று ஆனதும் ஐம்பதில் போகிறது. ரோடு போடுகிற எஸ்டிமேட்டில் வேகத்தைக் குறைக்கிற வேலையும் சேர்ந்தே வந்திருக்க வேண்டும்.

எங்கள் வீதிக் கடைசி வீட்டு ஆத்தா ஒருவர் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பைக் இடித்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அதுவரை தன் வேலையைத் தானே பார்த்தவர் இன்று கக்கூசுக்குப் போகவும் மருமகள் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஓட்டிய பையனை நான் குறை சொல்லமாட்டேன். இடித்துவிட்டு ஓடவில்லை, தூக்கி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்தான். குடிக்கவுமில்லை. ஐம்பதுக்குப் பக்கம் வந்தேன் என்று அவனே சொன்னான்.

அந்த ஐம்பது, மத்திய அரசின் 2018 அறிவிக்கைப்படி வேக வரம்பை மீறிய கணக்கிலேயே வராது. அந்த ஆண்டு ஏப்ரலில் வெளியான அந்த அறிவிக்கை, நகராட்சி எல்லைக்குள் ஓடும் காருக்கு உச்ச வேகம் 70, பைக்குக்கு 60, ஆட்டோவுக்கு 50 என்று வைத்தது. இந்தக் கணக்கில் நாலுவழிச் சாலைக்கும் எங்கள் இருபதடி வீதிக்கும் வித்தியாசம் இல்லை, இரண்டும் நகர எல்லைக்குள் இருந்தால் போதும். எங்கள் வீதியில் வேறு எண் போட்ட பலகை ஒன்றுகூட இல்லை. ஒரு பையன் 55இல் வந்தால் "தம்பி, மெதுவா போ" என்று நாங்கள் கெஞ்சலாம், திட்டலாம். இது தப்பு என்று காட்ட எங்கள் கையில் ஒன்றும் இல்லை.

சரி, ஏன் 40 இல்லை, ஏன் 30? கணக்குப் போட்டே சொல்கிறேன். ஒரு குழந்தை திடீரென்று குறுக்கே வந்தால், கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்கை மிதிக்க ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். 30இல் வருகிற வண்டி அந்த ஒரு விநாடியில் எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓடியிருக்கும், ரோடு காய்ந்திருந்து பிரேக்கும் நன்றாக இருந்தால் இன்னும் ஐந்தாறு மீட்டரில் நின்றுவிடும். மொத்தம் ஏறத்தாழ பதினாலு மீட்டர். 50இல் வருகிற வண்டி பிரேக்கைத் தொடும் முன்பே கிட்டத்தட்ட அந்தப் பதினாலு மீட்டரையும் ஓடி முடித்திருக்கும். அதாவது, முப்பதில் வந்த வண்டி குழந்தைக்கு முன்னால் நின்றுவிட்ட அதே இடத்தில், ஐம்பதில் வந்த வண்டி ஐம்பதிலேயே வந்து மோதும். குறைந்துகூட மோதாது. ஓட்டுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதற்கு இதில் வேலையே இல்லை.

மோதினால் என்ன ஆகும் என்பதையும் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. 30 அல்லது அதற்குக் கீழ் கார் மோதினால் நடந்து போகிறவர் பிழைக்க 90 சதவீதம் வாய்ப்பு உண்டு. 45ஐத் தாண்டினால் அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. நடுவில் இருக்கிற அந்தப் பதினைந்து கிலோமீட்டரில்தான் கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவதும் வராமல் போவதும் முடிவாகிறது. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் சாலைப் பாதுகாப்பு மாநாட்டுப் பிரகடனம், நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30தான் என்று சொன்னதும் இதனால்தான்.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. மத்திய அரசின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. நாடு முழுக்க நடந்துபோய்ச் செத்தவர்கள் 32,825 பேர். மொத்தச் சாவில் பத்துக்கு ஏழு அதிவேகத்தால் என்று அதே அறிக்கை சொல்கிறது. இதில் பெரும்பங்கு நெடுஞ்சாலையில்தான் என்பது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் வீதிக்குள் நடப்பது பலதும் உடைந்த இடுப்பும், தையல் போட்ட நெற்றியும், தைக்கப் போக முடியாமல் போன மாசமுமாக வீட்டோடு முடிந்துவிடுகிறது. அது எந்த எஃப்.ஐ.ஆரிலும் ஏறுவதில்லை.

இனி எதிர்ப்பேச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கோரிக்கையை டீக்கடையில் எடுத்தவுடனே வருவது அதுதான். முதலில் எங்கள் தொழில்காரர்களே சொல்வது: "திருப்பூரு ஓடறதே வேகத்துல, அதுல கை வெச்சீங்கன்னா தொழில் படுத்துரும்."

டெலிவரி எங்கே லேட்டாகிறது என்பதைத் தினமும் பார்க்கிறவனாகச் சொல்கிறேன். காலர் துணி கலர் சேராமல் லேட்டாகும். பிரிண்டிங் காயாமல் லேட்டாகும். டையிங்கில் லாட் மாறிப் போனால் லேட்டாகும். காஜா பட்டன்காரர் இன்னொருத்தர் வேலையை முன்னால் எடுத்துவிட்டால் லேட்டாகும். அதெல்லாம் முடிந்து வண்டி கிளம்பினால் புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பில் நின்று லேட்டாகும். வீதிக்குள் ஓடுகிற தூரம் எவ்வளவு, அரைக் கிலோமீட்டரா? அதை 50இல் ஓட்டினால் 36 விநாடி, 30இல் ஓட்டினால் ஒரு நிமிஷம். வித்தியாசம் 24 விநாடி. அதுவும் நாயோ ஆளோ குறுக்கே வராமல், எதிரே ஒரு ஸ்கூல் வேன் வராமல், முழு வீதியையும் 50இல் ஓட்ட முடிந்தால்தான். தூத்துக்குடிக்குப் போக வேண்டிய எந்தக் கன்டெய்னரும் இந்த 24 விநாடியால் தவறியதில்லை.

முதலாளிமார்களுக்கும் இதில் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு பையரிடமிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிறார் என்றால் நாம் என்ன செய்கிறோம்? தீயணைப்பு சிலிண்டரில் தேதி பார்க்கிறோம், எமர்ஜென்சி வழியில் அட்டைப்பெட்டி இல்லாமல் எடுக்கிறோம், முதலுதவிப் பெட்டியை நிரப்புகிறோம், ஊசி உடைந்தால் துண்டு துண்டாக எண்ணி ரிஜிஸ்டரில் ஒட்டி வைக்கிறோம். தொழிலாளி பாதுகாப்புக்காக இவ்வளவும் செய்கிற கம்பெனி, அதே பெண் கேட்டைத் தாண்டி வீதியில் இறங்கியதும், தன்னுடைய வேனே அவர் முழங்கையை உரசிக்கொண்டு போவதைக் கண்டுகொள்வதில்லை. கம்பெனி வேனும், ஜாப் ஒர்க் வண்டியும், ஸ்கூல் வேனும் ஒரு முதலாளியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. ஏற்றுமதியாளர் சங்கத்தையும் ஜாப் ஒர்க் சங்கங்களையும் ஆட்சியர் ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்தால் பாதி வண்டிகள் அடுத்த வாரமே 30க்கு வந்துவிடும். என் வண்டி டிரைவரிடம் நான் சொல்லிவிட்டேன், வீதிக்குள் முப்பதைத் தாண்டக் கூடாது என்று. இதுவரைக்கும் ஒரு டெலிவரியும் அதனால் நின்றதில்லை.

இரண்டாவது எதிர்ப்பேச்சு: "இருக்கிற சட்டத்தையே எவனும் மதிக்கலை, இதை மட்டும் மதிப்பானா?" நியாயமான கேள்வி. சந்துக்கு ஒரு போலீஸ்காரரை நிறுத்த முடியாது, நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஆனால் குறுகின வீதியில் ஒரு வசதி இருக்கிறது. முன்னால் போகிற வண்டி முப்பதில் போனால் பின்னால் வருகிறவனும் முப்பதில்தான் வந்தாக வேண்டும், ஓவர்டேக் எடுக்க இடமில்லை. பத்துக்கு நாலு பேர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டாலே மீதி ஆறு பேரின் வேகமும் இறங்கிவிடும். எண் போட்ட பலகை அந்த நாலு பேருக்காகத்தான். சிவப்பு வட்டத்துக்குள் 30 என்பதை ஒடியா பேசுகிற பையனும் படிப்பான், இந்தி பேசுகிற டிரைவரும் படிப்பார்.

சென்னையில் இது ஏற்கெனவே வந்துவிட்டது. 2023 நவம்பரில் அங்கே போக்குவரத்துக் காவல்துறை வேக வரம்புகளைத் திருத்தியபோது, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30 என்று அறிவித்தார்கள். சென்னையில் இருக்கிற உயிருக்கு ஒரு விலை, நொய்யல் கரையில் இருக்கிற உயிருக்கு ஒரு விலையா?

வெளிநாட்டுக் கதைகளில் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே பார்க்கலாம். பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி நம் ஊரைவிடக் கொஞ்சம் சின்ன ஊர். அங்கே பாதிக்கு மேல் வீதிகளில் 30தான் வரம்பு, 2025 ஜூலையோடு முடிந்த ஓராண்டில் சாலை விபத்தில் ஒருவர்கூட சாகவில்லை. அங்கே பஸ், டிராம், கேமரா, நல்ல நடைபாதை எல்லாமே உண்டு, 30 மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அதுவும் ஒரு காரணம். ஸ்பெயினில் 2021 மே மாதத்திலிருந்து போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று இருக்கிற நகர வீதிகள் எல்லாவற்றுக்கும் 30. பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸில்தான் பெரிய சண்டையே நடந்தது. 2023 செப்டம்பர் 17 அன்று அங்கே குடியிருப்புகள் நிறைந்த சாலைகளின் பொது வரம்பை 30 மைலிலிருந்து 20 மைலுக்கு, அதாவது நம் கணக்கில் 32 கிலோமீட்டருக்கு, நாடு முழுக்க ஒரே நாளில் குறைத்தார்கள். எதிர்த்து நாலரை லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. கோபப்பட்டவர்கள் எல்லாரும் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லாதவர்கள் இல்லை. வீடே இல்லாத பெரிய ரோட்டிலும் எதற்கு 20 என்று கேட்டவர்கள் நிறையப் பேர். பிறகு அரசாங்கம் திட்டத்தைக் கைவிடாமல், எந்தெந்த ரோட்டைப் பழையபடி மாற்றலாம் என்று உள்ளாட்சிகளைப் பார்க்கச் சொன்னது. நான் மெயின் ரோடுகளைத் தொடாதீர்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்குத்தான். எந்த வீதி உள்ளே, எந்த ரோடு வெளியே என்பதை ஏரியா சபைக் கூட்டத்தில் வைத்து மக்களிடமே கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 112ஆம் பிரிவு, பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ ரோட்டின் தன்மை காரணமாகவோ ஒரு பகுதிக்கோ ஒரு ரோட்டுக்கோ தனி வரம்பு போடும் அதிகாரத்தை மாநில அரசுக்கும் அரசு அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் தந்திருக்கிறது. அரசிதழில் அறிவிக்க வேண்டும், பலகை வைக்க வேண்டும். அதே பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது: ஒரு மாதத்துக்கு மேல் போகாத கட்டுப்பாடாக இருந்தால் அரசிதழ் அறிவிப்பே தேவையில்லை. இதைத்தான் உங்கள் மூவரின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன். சோதித்துப் பார்க்கச் சட்டமே ஒரு மாதம் கொடுத்திருக்கிறது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒரே ஒரு வார்டில் போட்டுப் பாருங்கள். எங்கள் வார்டுதான் வேண்டும் என்றில்லை, அனுப்பர்பாளையம் பக்கமோ, ராயபுரமோ, நல்லூரோ, வீரபாண்டியோ, எங்கே கூட்டமும் பள்ளிக்கூடமும் அதிகமோ அங்கே. போடுவதற்கு முன்னால் ஒரு வாரம் காவல்துறையிடம் இருக்கிற ஸ்பீடு கன்னை வைத்து அந்த வீதிகளில் வண்டிகள் என்ன வேகத்தில் போகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள், போட்ட பிறகு கடைசி வாரம் மறுபடி குறியுங்கள். இரண்டு எண்ணையும் வெளியிடுங்கள். முதல் பதினைந்து நாள் அபராதம் வேண்டாம், நிறுத்திச் சொல்லி அனுப்பினால் போதும். எடுத்த எடுப்பில் ஆயிரம் ரூபாய் ஃபைன் என்றால், நாள் கூலிக்குப் போகிற பையனுக்கு இது போலீஸ் வசூல் என்றுதான் மனசில் பதியும், அப்புறம் எது சொன்னாலும் எடுபடாது.

பலகை மட்டும் வைத்துவிட்டுப் போனால் பத்து நாளில் அதன் மேல் டியூஷன் போஸ்டர் ஒட்டியிருக்கும். வீதியின் அமைப்பும் மாற வேண்டும். இப்போது எங்கள் வீதிகளில் இருக்கிற வேகத்தடைகள் பலவும் அந்தந்த வீட்டுக்காரர்கள் மிச்சமான சிமெண்டில் போட்டுக்கொண்டவை. அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன், பயத்தில் போட்டது. ஆனால் சுவர் மாதிரி செங்குத்தாக, பெயிண்ட் இல்லாமல், இரவில் கண்ணுக்கே தெரியாமல் கிடக்கிறது. மாசமாக இருக்கிற பெண்ணை ஆட்டோவில் அந்த வழியாக ஒரு தடவை கூட்டிப் போனவர்களுக்குத் தெரியும். இந்தியச் சாலைகள் பேரவை இதற்கு அளவே கொடுத்திருக்கிறது: பன்னிரண்டு அடி அகலத்தில், நாலு அங்குல உயரத்தில், மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிற மேடு, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகத்துக்காகக் கணக்கிட்டது. அதில் மெதுவாகப் போனால் முதுகு வலிக்காது, வேகமாகப் போனால்தான் தூக்கிப் போடும். பழைய திட்டுகளை இடித்துவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் இந்த அளவில் போட்டு, வெள்ளைப் பட்டை அடித்துக் கொடுங்கள்.

அதைவிட முக்கியமாக வீதி முனையைக் கவனியுங்கள். மெயின் ரோட்டிலிருந்து திரும்புகிற இடம் அகலமாக வளைந்திருப்பதால், பிரேக்கைத் தொடாமலே நாற்பதில் உள்ளே வந்துவிடுகிறார்கள். அந்த முனையை நாலைந்து சிமெண்ட் கல் நட்டுச் சுருக்கிவிட்டால், திரும்பும்போதே வண்டி இருபதுக்கு இறங்கிவிடும். லாரி திரும்ப வேண்டிய வீதிகளுக்கு மட்டும் இஞ்சினியர்கள் இடம் பார்த்து விடட்டும். ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் 2017இலேயே சேர்ந்த ஊருக்கு இது பெரிய செலவா?

பக்கத்துக் கோயம்புத்தூரில் எலும்பு முறிவு வைத்தியம் பார்க்கிற டாக்டர் எஸ். ராஜசேகரன், விபத்தில் சிதைந்து வந்தவர்களை ஆபரேஷன் செய்து கொண்டிருந்தவர், 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் 2014இல் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் நாட்டுக்கே சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. இந்தக் கொங்கு மண்ணிலிருந்து போன ஒரு மனு டெல்லி வரைக்கும் அசைத்திருக்கிறது. நாங்கள் கேட்பது ஒரு வார்டு, ஒரு மாதம்.

எங்கள் வீதிக்காரர்கள் கூடிப் பேசிவிட்டோம். பலகைக்கான கம்பத்தையும் பெயிண்ட் செலவையும் எங்கள் வீதி மட்டுக்கு நாங்களே ஏற்றுக்கொள்கிறோம், எங்கள் யூனிட்காரர்கள் நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டு, வண்டி டிரைவர்களைக் கூட்டிவந்து உங்கள் முன்னால் நிறுத்தவும் தயார். எந்தத் தேதிக்கு, எந்த அலுவலகத்துக்கு வரவேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றாலும் சரி, யூனிட்டைப் பூட்டிவிட்டு வருகிறோம்.

இப்படிக்கு,
15 வேலம்பாளையத்தில் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் ஒருவர்
திருப்பூர்